தண்ணீரின் சாட்சி: நீர் மாதிரி எடுக்கும் முன் ஆழ்துளைக் கிணற்றைத் தயார் செய்வது எப்படி?



பாலாற்றுப் படுகையில் வாழும் நம்மில், "நம் போர் தண்ணீர் குடிக்க ஏற்றதா?" என்று கேட்காத குடும்பம் இல்லை. பலர் ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பியும் பார்க்கிறோம். ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு வீட்டு அறிக்கைகள் வெவ்வேறாக வருகின்றன. ஒரே கிணற்றின் அறிக்கைகூட ஜனவரியில் ஒன்றும் பிப்ரவரியில் ஒன்றுமாக வருவதுண்டு. உடனே ஆய்வகத்தைக் குறை சொல்கிறோம். பல நேரங்களில் காரணம் ஆய்வகத்தில் இல்லை. பாட்டிலை நிரப்பும் முன் கிணற்றைத் தயார் செய்யாமல் விட்டதே காரணம்.

பள்ளிவாசல், மதரஸா, வீடு ஆகியவற்றின் ஆழ்துளைக் கிணறுகளில் மாதிரி எடுக்க மோட்டார் இறக்கும் முன் செய்ய வேண்டிய வேலைகளை இப்பாடத்தில் வரிசையாகப் பார்ப்போம்.

நமக்கு இது ஏன் முக்கியம்?

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் தொழில் பல தலைமுறைகளுக்குச் சோறு போட்டிருக்கிறது. நம் திருமணங்களும் பிள்ளைகளின் படிப்பும் நம் பள்ளிவாசல்களும் அந்த வருமானத்தில் நடந்தவை. அதே தொழிலின் கழிவுநீர் நிலத்தடி நீரைக் கெடுத்ததும் உண்மை. தோலைப் பதப்படுத்துமுன் கெடாமல் வைக்கப் போடும் உப்பு நீரோடு எளிதாகக் கரைந்து செல்லும். பதனிடப் பயன்படும் மூவிணைய குரோமியம் பெரும்பாலும் மண்ணில் ஒட்டிக்கொள்ளும். அறுவிணைய குரோமியமோ நீரில் கரைந்து பரவும்; நச்சும் அதிகம். இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் இந்த இரண்டாம் வகைக்கு உதாரணம்.

1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே இழப்பைச் சரிசெய்ய வேண்டும் என்ற கொள்கை அதில் நிலைநாட்டப்பட்டது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமல் போனதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு கூறியதையும் நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. 2025 ஜனவரி 30 அன்று மீண்டும் ஒரு தீர்ப்பில், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கவும் கண்காணிப்புக் குழு அமைக்கவும் உத்தரவிட்டது.

ஆனால் கிணற்று நீர் கெடுவதற்குத் தோல் கழிவு மட்டுமே காரணம் அல்ல. நம் வீட்டுக் கழிப்பறைக் குழியிலிருந்து நைட்ரேட்டும் கிருமியும் இறங்கும். பாறையிலிருந்தே ஃபுளோரைடு கரைந்து வரும். எந்தக் கிணற்றில் எது என்பதை ஊர்ப் பேச்சு சொல்ல முடியாது. சரியாக எடுத்த மாதிரிதான் சொல்லும். தவறாக எடுத்த மாதிரி இரண்டு பக்கமும் அநீதி செய்யும். கெட்ட நீரை நல்லது என்று காட்டினால் குழந்தைகள் நோயாளிகள் ஆவார்கள். நல்ல நீரைக் கெட்டது என்று காட்டினால் ஒரு கிணறு வீணாக மூடப்படும், ஸதகா பணம் வீணாகும், குற்றம் செய்யாத ஒருவர் மேல் பழி விழும். ஆகவே மாதிரி எடுப்பது சாட்சி சொல்வதைப் போன்ற அமானத்.

ஒளுவுக்கு ஆகும் நீரும் குடிக்க ஆகும் நீரும்

நபி (ஸல்) அவர்கள் தேங்கி நிற்கும் நீரில் சிறுநீர் கழிப்பதைத் தடுத்தார்கள். நீர்நிலை, நடைபாதை, நிழல் ஆகிய இடங்களை அசுத்தப்படுத்துவதையும் தடுத்தார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் மதீனாவின் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி மக்களுக்கு அர்ப்பணித்தார்கள். ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்கள் மறைந்த தம் தாயாருக்காகக் கிணறு தோண்டினார்கள். தண்ணீர் தருவது எவ்வளவு பெரிய தர்மம் என்பதற்கு இவை போதும்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனதில் வைக்க வேண்டும். நஜீஸ் கலந்து நிறம், சுவை, வாடை ஆகியவற்றுள் ஒன்று மாறினால் அந்த நீர் அசுத்தம் என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் நைட்ரேட்டுக்கும் ஃபுளோரைடுக்கும் நிறமோ வாடையோ கிடையாது. ஒளுவுக்குத் தகுந்த நீர் குடிப்பதற்குத் தீங்காக இருக்கலாம். "பள்ளிவாசல் தண்ணீர்தானே, குடிக்கலாம்" என்பது ஆய்வறிக்கைக்கு ஈடாகாது. அதேபோல், அறிக்கையில் உப்பு கூடுதல் என்று வந்தால் ஒளு கூடாது என்றும் ஆகாது. மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடமும் உடல்நலத் தீர்ப்பை ஆய்வகத்திடமும் மருத்துவரிடமும் கேட்போம்.

நின்ற நீரும் ஊறி வரும் நீரும்

ஹனஃபி ஃபிக்ஹ் நூல்களில் கிணற்றுச் சட்டம் படித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். எலியோ குருவியோ விழுந்து இறந்தால் அதை எடுத்துவிட்டு 20 முதல் 30 வாளி நீர் இறைக்க வேண்டும். கோழி, புறா, பூனை என்றால் 40 முதல் 60 வாளி. ஆடு போன்ற பெரிய பிராணி என்றாலோ, விழுந்தது ஊதி அழுகிவிட்டாலோ கிணற்று நீர் முழுவதையும் இறைக்க வேண்டும். அது தஹாரத்துக்கான சட்டம்; இங்கு நாம் பேசுவது வேறு நோக்கம். ஆனாலும் கிணற்றில் நிற்கும் நீர் வேறு, ஊற்றுக்கண்ணிலிருந்து புதிதாக வரும் நீர் வேறு என்பது இரண்டுக்கும் பொது.

நம் பகுதி பாறைப் பகுதி. போர்வெல்லின் மேல்பகுதியில் மண் சரியாமல் கேசிங் பைப் இருக்கும். அதன் கீழே வெறும் பாறைத் துளை. பாறையின் வெடிப்புகள் வழியாகத்தான் நீர் வருகிறது. மோட்டார் ஓடாத நாட்களில் துளைக்குள் நிற்கும் நீர் கேசிங்கின் துருவைக் கரைக்கும். காற்று பட்டுத் தன்மை மாறும். மேலிருந்து தூசியும் பல்லியும் விழும். அதைப் பாட்டிலில் பிடித்தால் நாம் சோதிப்பது குழாயைத்தான், நிலத்தடி நீரை அல்ல.

மோட்டார் இறக்கும் முன்

முதலில் கிணற்றின் விவரங்களைத் திரட்டுங்கள். எந்த ஆண்டு போட்டது, மொத்த ஆழம் எத்தனை அடி, கேசிங் எத்தனை அடி, துளையின் அகலம் எத்தனை அங்குலம், எத்தனையாவது அடியில் தண்ணீர் கண்டது என்று போர் போட்டவரிடமோ பழைய முத்தவல்லியிடமோ கேட்டு எழுதுங்கள். அருகில் கழிப்பறைக் குழி, சாக்கடை, ஆலை, வயல் எத்தனை அடி தூரத்தில் என்றும் குறியுங்கள்.

இரண்டாவது, ஆழத்தையும் நீர்மட்டத்தையும் அளந்து பாருங்கள். பழைய மோட்டார் உள்ளே இருந்தால் மெயின் மின்சாரத்தைத் துண்டித்த பிறகே, தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டு அதை வெளியே எடுக்க வேண்டும். இஷாவுக்குப் பின் மோட்டாரை ஓட்டாமல் விட்டு, ஃபஜ்ருக்குப் பின் அளந்தால் நிலையான நீர்மட்டம் கிடைக்கும். ஃபஜ்ர் ஒளுவுக்கு மேல்தொட்டி நீர் போதும். சுத்தமான கயிற்றில் எடை கட்டி இறக்கியும் அளக்கலாம், நீர்மட்டம் காட்டும் கருவியாலும் அளக்கலாம். 200 அடி என்று எழுதிய போர் இன்று 170 அடியில் தட்டுகிறது என்றால் அடியில் 30 அடிக்கு மண்ணும் சேறும் நிறைந்திருக்கலாம், அல்லது துளை இடையில் சரிந்திருக்கலாம்.

மூன்றாவது, வாய்ப்பகுதியைச் சரிசெய்யுங்கள். கேசிங் தரைக்கு மேல் ஓரிரு அடியாவது நிற்க வேண்டும். சுற்றிலும் நீர் வெளியே வடியும்படி சரிவான சிமெண்ட் மேடை வேண்டும். கேசிங்கை ஒட்டி விரிசல் இருந்தால் மழைநீரும் சாக்கடையும் அதன் வழியே உள்ளே இறங்கும். வாய்க்கு இறுக்கமான மூடி போடுங்கள்.

இந்த வேலை நடக்கும்போது துளையை ஒரு நிமிடம்கூடத் திறந்து போட்டுவிட்டுப் போகாதீர்கள், சாப்பிடப் போகும் நேரத்திலும்தான். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை கைவிடப்பட்ட துளையில் விழுந்து இறந்ததை யாரும் மறக்கவில்லை. திறந்த துளைகளை மூடுவது பற்றி உச்ச நீதிமன்றம் 2010-லேயே நெறிமுறை வகுத்திருந்தது.

நான்காவது, கம்ப்ரஸர் வைத்து ஃப்ளஷ் செய்யுங்கள். அடியில் படிந்த சேறு, துருச் செதில், பாசி வெளியேறி நீர் தெளியும் வரை ஊத வேண்டும். சேறு இருக்கும் கிணற்றில் மோட்டார் இறக்கினால் மோட்டாரும் பழுதாகும், மாதிரியும் கலங்கும். மண்துகளில் ஒட்டிய இரும்பும் குரோமியமும் நீரில் கரைந்ததைப் போல அறிக்கையில் ஏறிவிடும். ஃப்ளஷ் செய்த பின் ஓரிரு நாள் விட்டு, நீர்மட்டம் பழைய அளவுக்கு வந்ததா என்று மறுபடி அளந்து பாருங்கள்.

ஐந்தாவது, கிணற்றுக்குள் போகும் பொருள்களைச் சுத்தமாக்குங்கள். மோட்டார், பைப், கேபிள், கயிறு ஆகியவற்றை மண்ணில் போடாமல் கழுவிய தார்ப்பாயில் வையுங்கள். சோப்பு நீரில் கழுவி, நல்ல நீரில் பலமுறை அலசுங்கள். மரையில் கிரீஸோ எண்ணெயோ பூசவேண்டாம். வேறு ஊர்க் கிணற்றிலிருந்து எடுத்து வந்த மோட்டாரை அப்படியே இறக்கினால் அந்தக் கிணற்றின் கிருமி இங்கே வந்து சேரும்.

ஆறாவதாக, மோட்டாரை இறக்குங்கள். கேபிள் இணைப்பில் நீர் புகாமல் இருக்கிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும். மோட்டாரை அடிமட்டத்தில் உட்கார வைக்காதீர்கள். 10 முதல் 20 அடி மேலே தொங்கவிடுங்கள். ஓடும்போது இறங்கும் நீர்மட்டத்துக்குக் கீழேயும் அது இருக்க வேண்டும். எத்தனை அடியில் தொங்குகிறது என்பதை எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டும் அதே ஆழத்தில் எடுத்தால்தான் இரு அறிக்கைகளையும் ஒப்பிட முடியும். தொட்டிக்குப் போகும் முன்பே, கிணற்றை ஒட்டி, மாதிரி பிடிக்க ஒரு சிறிய குழாய் வையுங்கள்.

எவ்வளவு நீர் இறைக்க வேண்டும்?

நின்ற நீர் வெளியேற, துளையில் நிற்கும் நீரின் அளவைப் போல மூன்று மடங்கு இறைப்பது வழக்கம். கணக்கு எளிது. ஆறரை அங்குலத் துளையில் ஓர் அடி உயரத்துக்கு ஏறக்குறைய 6.5 லிட்டர் நீர் நிற்கும். நாலரை அங்குலத் துளையில் ஏறக்குறைய 3.1 லிட்டர்.

ஓர் உதாரணம். ஆறரை அங்குல போர், ஆழம் 200 அடி, நீர்மட்டம் 60 அடியில். அப்படியானால் நீர் நிற்கும் உயரம் 140 அடி. 140-ஐ 6.5-ஆல் பெருக்கினால் 910 லிட்டர். மூன்று மடங்கு 2,730 லிட்டர். 15 லிட்டர் வாளி 30 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 30 லிட்டர் வருகிறது. ஆக, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஓட்ட வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள், ஆர்வத்தோடு செய்வார்கள்.

800, 900 அடி ஆழப் போர்களில் மூன்று மடங்கு இறைப்பது கடினம். அங்கே டி.டி.எஸ். மீட்டர் உதவும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவெடுங்கள். தொடர்ந்து மூன்று அளவுகள் 3 சதவீத வேறுபாட்டுக்குள் நின்றால், உதாரணமாக 1,410, 1,400, 1,405 என்று வந்தால், புதிய நீர் வந்துவிட்டது என்று கொள்ளலாம். அளவு ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருந்தால் இன்னும் ஓட்டுங்கள். மூன்று மடங்கு இறைத்த கிணற்றிலும் இந்தச் சோதனையைச் செய்வது நல்லது. ஊற்று குறைந்த கிணறு இடையிலேயே வற்றிவிட்டால், மோட்டாரை நிறுத்தி, திரும்ப ஊறிய நீரில் மாதிரி எடுங்கள்.

இறைக்கும் நீரைத் தெருவில் விட்டு வீண்விரயம் செய்ய வேண்டாம். தெளிந்த பின் வரும் நீரைக் கழுவவும் கழிப்பறைக்கும் தொட்டியில் பிடிக்கலாம். கிணற்றின் ஓரத்திலேயே ஊற்றினால் அது மீண்டும் உள்ளே இறங்கும், தள்ளி விடுங்கள்.

பிளீச்சிங் பவுடர் எப்போது?

மோட்டார் இறக்கியதும் பிளீச்சிங் பவுடர் போட்டு, மறுநாளே மாதிரி எடுத்தால், மிச்சமிருக்கும் குளோரின் கிருமியைக் கொன்றிருக்கும். அறிக்கையும் சுத்தம் என்றே வரும். அது கிணற்றின் உண்மை நிலை அல்ல. மேலும் குளோரின் சில உலோகங்களின் தன்மையையே மாற்றிவிடும். எனவே மோட்டார் இறக்கி, நின்ற நீரை இறைத்து முடித்ததும், பவுடர் போடும் முன்பே, இரசாயனச் சோதனைக்கான மாதிரியை எடுத்துவிடுங்கள்.

அதன் பிறகு கிருமிநீக்கம் செய்யுங்கள். மேலே சொன்ன 910 லிட்டருக்கு, 30 சதவீதம் குளோரின் உள்ள புதிய பவுடர் ஏறக்குறைய 150 கிராம் போதும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பின் தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். கையுறை அணியுங்கள், கழிப்பறை ஆசிட் எதனோடும் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும். குழாயில் குளோரின் வாடை வரும் வரை மோட்டாரை ஓட்டி நிறுத்தி, இரவு முழுவதும் விடுங்கள். "குடிக்க வேண்டாம்" என்று பலகை வையுங்கள். மறுநாள் வாடை முற்றிலும் போகும் வரை இறைத்துச் சாக்கடையில் விடுங்கள். ஹவுழிலோ செடிக்கோ விட வேண்டாம். ஒரு வாரம் கழித்தே கிருமிச் சோதனைக்கு நீர் பிடியுங்கள்.

பாட்டில் பிடிக்கும் முறை

இரசாயனச் சோதனைக்கு 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில்; அதே நீரால் மூன்று முறை அலசி, ததும்ப நிரப்பி மூடுங்கள். உலோகச் சோதனைக்கு ஆய்வகம் அமிலம் விட்ட பாட்டில் தரும். அதை அலசக் கூடாது. கிருமிச் சோதனைக்கும் ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய பாட்டிலையே பயன்படுத்துங்கள். கையைக் கழுவி, குழாயில் ரப்பர் டியூப் இருந்தால் கழற்றி, குழாய் வாயை ஸ்பிரிட்டால் துடைத்து, சிறிது நேரம் நீரை ஓடவிட்டுப் பிடியுங்கள். மூடியின் உட்புறத்தைத் தொடாதீர்கள். மேலே சிறிது காலி இடம் விடுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து, முடிந்தால் 6 மணி நேரத்துக்குள், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் கொண்டு சேருங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் இச்சோதனைகள் செய்கிறார்கள்.

ஒவ்வொரு பாட்டிலிலும் கிணற்றின் பெயர், தேதி, நேரம், எத்தனை நிமிடம் இறைத்தது, கடைசி டி.டி.எஸ். அளவு, எடுத்தவர் கையெழுத்து இருக்கட்டும். இரண்டு பேர் சேர்ந்து எடுங்கள். தொட்டியிலிருந்தும் ஆர்.ஓ. கருவியிலிருந்தும் எடுத்தால் அது கிணற்று மாதிரி ஆகாது.

அறிக்கை வந்த பின்

இந்தியத் தர நிர்ணயப்படி (ஐ.எஸ். 10500) லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில், கரைந்த உப்பு 500-க்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை. குளோரைடு 250, வழியில்லாவிட்டால் 1,000. ஃபுளோரைடு 1.0, வழியில்லாவிட்டால் 1.5. நைட்ரேட் 45, மொத்தக் குரோமியம் 0.05, இவ்விரண்டிலும் தளர்வே இல்லை. 100 மில்லி நீரில் ஈ-கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது.

கிருமி மட்டும் இருந்தால் கொதிக்க வைத்துக் குடிக்கலாம். உப்பும் நைட்ரேட்டும் குரோமியமும் கொதிக்க வைத்தால் போகாது. நீர் வற்றுவதால் இன்னும் செறிவாகும். நைட்ரேட் 45-ஐத் தாண்டிய நீரில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பால்மாவு கரைக்கவே கூடாது; இரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்து உடல் நீலம் பாயும் ஆபத்து உண்டு.

அறிக்கை எப்படி வந்தாலும் அதைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். "ஆலைக்காரர் மனம் நோகும்", "வீட்டு விலை குறையும்" என்று மறைப்பது, அந்த நீரைக் குடிக்கும் பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். பிடித்த முடிவு வரும் வரை வேறு வேறு கிணற்றில் நீர் பிடிப்பதும் பொய்ச் சாட்சிதான். அறிக்கை மோசமாக வந்தால் அதே முறையில் இன்னொரு முறை எடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள்; பிறகு ஜமாஅத்தாகச் சேர்ந்து உள்ளாட்சியிடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் எழுத்தில் கொடுங்கள். முறையாக எடுத்த மாதிரியின் குறிப்பேடு கையில் இருந்தால் நம் பேச்சுக்கு மதிப்பு இருக்கும். ஆண்டுக்கு இருமுறை, கோடையில் மே மாதத்திலும் மழைக்குப் பின் ஜனவரியிலும், எடுத்து வந்தால் நீர் தேறுகிறதா கெடுகிறதா என்பது நாலைந்து ஆண்டில் தெரிந்துவிடும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

உங்கள் வீட்டுப் போரின் ஆழம், கேசிங், நீர்மட்டம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். வாய்மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். மேலே சொன்ன கணக்கைப் பிள்ளைகளோடு சேர்ந்து உங்கள் கிணற்றுக்குப் போட்டுப் பாருங்கள். ஜமாஅத்தில் பொறுப்பில் இருப்பவர்கள் பள்ளிவாசல் கிணற்றுக்கு ஒரு குறிப்பேடு தொடங்குங்கள்.

யா அல்லாஹ், எங்கள் நீரைத் தூய்மையாக்குவாயாக. அதைக் கெடுப்பதிலிருந்தும், கெட்டதை மறைப்பதிலிருந்தும் எங்களைக் காப்பாயாக. உண்மையைச் சொல்லும் துணிவையும், பிறருக்கு நல்ல நீர் தரும் வாய்ப்பையும் எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.